உண்டிவில்லுக்குப் பொருள் கண்ட கதை

சொற்பொருள் நிர்ணய வாரியத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண நான்கு வருடம் ஆகும். அவசரம் என்று எழுதிக் கொடுத்தால் ஆறு வருடம் ஆகும். அவசரத்துக்குத் தனியாக ஒரு குழு கூட வேண்டும் அல்லவா? இந்த வாரியம் வருவதற்கு முன்னால் மக்கள் எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ தெரியவில்லை. ஏதோ குருட்டுத் தைரியத்தில் பேசியிருக்க வேண்டும்.

வாரியத்துக்கு ஒரு விதி உண்டு. பொருள் தீராத சொல் எந்தச் சாமானைக் குறிக்கிறதோ, அந்தச் சாமானை வளாகத்துக்குள் யாரும் பயன்படுத்தக் கூடாது. 'குடை' விசாரணையில் இருந்த ஐந்து மழைக்காலமும் ஊழியர்கள் நனைந்துகொண்டே வேலைக்கு வந்தார்கள். 'நாற்காலி'க்கு மட்டும் வாரியம் தொடங்கிய முதல் நாளே, முதல் மணி நேரத்திலேயே, உறுப்பினர்கள் எல்லோரும் நின்றுகொண்டே பொருள் கண்டுவிட்டார்கள். மனம் வைத்தால் அவர்களாலும் முடியும் என்பதற்கு இதைத்தான் சாட்சியாகச் சொல்வார்கள்.

வளாகத்தின் நடுவில் ஒரு பெரிய மரம். தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். இந்த அலுவலகத்துக்கென்றே யாரோ தேடிப் பிடித்து நட்ட மாதிரி இருக்கும். அதன் பெரிய கிளை ஒன்று அடியில் விரிசல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கிளைக்கு நேர் கீழே தகரக் கூரை போட்ட டீ அறை. அதற்குள் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை டீக்கார அக்கா இருப்பாள். வாரியத்தில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிட்டாலும், அவள் உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான் அக்கா. அவன் மரம் வெட்டுகிறவன். தெரிந்தவர்கள் அவனை அணில் என்பார்கள்.

அக்கா எட்டு மாதமாகக் கடிதம் எழுதினாள். முதல் கடிதத்துக்கு, "தாங்கள் குறிப்பிடும் சொற்களில் 'விரிசல்' தீர்ந்துவிட்டது, 'ஆபத்து' இன்னும் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அடுப்பை வராந்தாவுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். டீ போடும் இடம் டீ அறை என்று ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, வராந்தாவில் டீ போட்டால் வராந்தாவின் பொருள் கெட்டுவிடும் என்றார்கள். அறையில் இல்லாவிட்டால் வேலையில் இல்லை என்று கொள்ளப்படும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வேலையை விட்டால் வேறு வழியில்லாததால் அவள் தகரத்துக்குக் கீழேயே இருந்தாள்.

எட்டாவது மாதம் ஒரு சுள்ளி தலைவரின் கார்மேல் விழுந்தது. மறுநாளே கிளையை வெட்ட உத்தரவு கிடைத்தது. அணில் வந்து சேர்ந்தான்.

வாசலில் காவலாளி அவன் பையைக் கவிழ்த்து, பொருள் தீராத சாமான்களின் பட்டியலோடு ஒப்பிட்டார். கைநீள ரம்பம் இருந்தது. பட்டியலில் அது இல்லை. "போகலாம்" என்றார். கோடரியைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலால் கூர்மை பார்த்தார். "போகலாம்." கயிற்றுச் சுருளைப் பார்த்தார். "போகலாம்." அதற்கடுத்து வந்ததைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இது என்னது?"

"உண்டிவில்லுங்க."

"பட்டியல்ல இருக்கே. பதினோரு வருஷமா பொருள் தீரலை. இதை உள்ள விட முடியாது."

"ஏன் சார், சின்ன வயசுல நீங்க அடிச்சதே இல்லையா?"

"அடிச்சிருக்கேன்ப்பா. அப்பெல்லாம் பொருள் தெரியாம அடிச்சிட்டேன்."

அணிலின் உண்டிவில் குருவி அடிக்கிற சாமான் இல்லை. முழநீளக் கவட்டைக் கம்பு, டயர் டியூபில் வெட்டிய ரப்பர், நடுவில் தோல் பட்டை. ஈயக்குண்டு போட்டுத் தைத்த சின்னப் பையில் மெல்லிய நூலைக் கட்டி, ஐம்பது அடி உயரத்தில் இருக்கும் மரக்கவட்டைக்கு மேலாக அடிப்பான். பை அந்தப் பக்கம் விழும். நூலின் முனையில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்தால் கயிறு மேலே போய்விடும். அந்தக் கயிற்றில் இருக்கை கட்டித் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்வான். ஒரே ஒரு அடி சரியாகப் போனால் போதும். மிச்சமெல்லாம் கயிற்றின் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு வரை இதெல்லாம் அவனுக்குத் தேவைப்படவில்லை. கையாலும் காலாலும் விறுவிறுவென்று ஏறிவிடுவான், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அப்புறம் ஒருநாள் விழுந்தான். வலது முட்டியில் இரும்புத் தகடு வைத்தார்கள்.

உண்டிவில்லை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான். ஈயப் பையைக் கையால் வீசிப் பார்த்தான். நாலாவது வீச்சு செயலாளரின் ஜன்னல் வழியாகப் போய் அவர் மேஜையில் விழுந்தது. கூப்பிட்டனுப்பினார்கள்.

செயலாளர் கோபப்படவில்லை. "கையாலயா எறிஞ்சே? அப்ப தப்பில்லை. 'எறிதல்' போன வருஷமே தீர்ந்துடுச்சு" என்றார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "உண்டிவில்லை உள்ள கொண்டு வரணும்னா அதோட பொருள் தீரணும். பொருள் தீரணும்னா பயன்படுத்தறவங்க யாராவது சாட்சி சொல்லணும். பதினோரு வருஷமா ஒருத்தரும் வரலை. நீ வந்தது எங்களுக்கு ரொம்பப் பெரிய உதவி."

"சார், அதெல்லாம் நிதானமா சொல்றேன். முதல்ல கிளைய வெட்டிக்கறேனே. கீழ எங்க அக்கா இருக்கு."

"வெட்டு. யாரு வேணாம்னா? உண்டிவில் இல்லாம வெட்டு."

அணில் டீ அறைக்கு வந்து அக்காவிடம், "பேசாம நான் ஏறிடறேன்க்கா" என்றான்.

"ஏறு, ஏறு. நல்லபடியா கீழ வந்து சேர்ந்தா அந்த இன்னொரு முட்டிய நானே உடைக்கிறேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். முன்பெல்லாம் கூரைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்த இலைகள் இப்போது ஓர் ஆள் உயரத்துக்கு வந்திருந்தன.

அணில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். விசாரணை தொடங்கியது. உண்டிவில்லுக்கு உரிமை கொண்டாடி மூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள். மூவரும் பதினோரு வருடமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆகவே அணில் மூன்று முறை தனித்தனியாகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் கோட்டை உறுப்பினர். பழைய காலப் போர்களில் மதில் தாண்டிப் பாறைகளை வீசிய பெரிய மரப்பொறிதான் அவர் கணக்கில் உண்மையான உண்டிவில். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

"எத்தனை கோட்டை பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"முற்றுகையாவது போட்டிருக்கீங்களா?"

"நான் மரந்தாங்க வெட்டறேன்."

கோட்டை உறுப்பினர் எழுத்தரைப் பார்த்து, "இதுவரை வெற்றி கிட்டவில்லைன்னு எழுதிக்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, நான் நாற்பது வருஷமா கோட்டைய ஆராய்ச்சி பண்றேன். ஒரு கோட்டையும் நேர்ல பார்த்ததில்லை. பார்த்தா பாரபட்சம் வந்துடும்" என்றார்.

அடுத்த மாதம் கப்பல் உறுப்பினர். நடுக்கடலில் கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானத்தை உந்தி வானத்தில் ஏற்றும் பெரிய இயந்திரத்துக்கும் இதே சொல்தான் வழங்க வேண்டும், அதற்கே முதல் இடம் தர வேண்டும் என்பது அவர் கட்சி. அணிலின் உண்டிவில்லில் எவ்வளவு எடையுள்ள விமானம் ஏறும் என்று கேட்டார். கால் கிலோ என்றான் அணில். விமானிக்குப் பயிற்சி உண்டா என்று கேட்டார். ஈயக்குண்டுக்கு என்ன பயிற்சி என்று அணிலுக்குத் தெரியவில்லை. "விமானி விவரம் மறைக்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டார்கள். இந்த ஆராய்ச்சிக்காக அவர் ஏழு முறை கடற்பயணம் போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்ததுதான் மிச்சம் என்று அவரே ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

மூன்றாவது, உவமை உறுப்பினர். அவருக்குக் கம்பும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ஒரு மனிதன் ஒரே தூக்கில் உயரத்துக்குப் போய் உட்கார்ந்தால் அதுதான் அவருக்கு உண்டிவில். அந்த விசாரணைக்கு வாரியத் தலைவரும் வந்திருந்தார், தாமே ஓர் எடுத்துக்காட்டு தருவதற்காக.

"பத்து வருஷம் முன்னாடி நான் கோப்பு அறையில தூசி தட்டிக்கிட்டு இருந்தேன்" என்று தலைவர் மலர்ந்த முகத்தோடு தொடங்கினார். "திங்கக்கிழமை என் மாமனார் மந்திரி ஆனார். செவ்வாய்க்கிழமை நான் இங்க தலைவர். உண்டிவில்லுல வச்சு அடிச்ச மாதிரி வந்து விழுந்தேன். இதை அகராதியில போடலாமே?"

"அருமையான மேற்கோள் ஐயா" என்றார் உவமை உறுப்பினர். அவர் ரப்பர் யார் என்று கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அணில் அந்தச் சமயத்தை விடாமல் பிடித்துக்கொண்டான். "ஐயா, ஒரு வார்த்தை. அந்தக் கிளை எந்த நேரமும் விழுங்க. விழுந்தா எங்க அக்கா மேலதான் விழும். உண்டிவில்லை ஒரு அரை நிமிஷம் குடுத்தீங்கன்னா போதும். ஒரே அடி."

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீ பெரிய கோணத்துல பாக்கணும். நாங்க அவசரப்பட்டு ஒரு சொல்லுக்குச் சட்டுனு பொருள் சொல்லிட்டோம்னு வச்சுக்க. ஜனங்க என்ன நினைப்பாங்க? இவ்வளவுதானா, இது நமக்கே தெரியுமேன்னு நினைப்பாங்க. அப்புறம் எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்ப நாங்க எதுக்கு?"

அதே கேள்விதான் அணிலுக்கும் இருந்தது. ஆனால் உத்தரவு இடும் இடத்தில் இருப்பவரிடம் அதைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. தலை குனிந்து வெளியே வந்தான். அன்று காற்று அடித்தபோது இலைகள் தகரத்தைச் சுரண்டின. அக்கா கையிலிருந்த வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள். ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பால் பொங்குகிறதே என்று மறுபடியும் உள்ளே போனாள்.

அடுத்த மாதம் முழு வாரியம் கூடியது. சாட்சியங்கள் முரண்படுவதால் உண்டிவில்லை ஒரே ஒருமுறை, வாரியத்தின் கண்முன்னால், இயக்கிக் காட்டலாம் என்று சிறப்பு அனுமதி தந்தார்கள். இயக்கி முடித்ததும் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும்.

வெயில் கொளுத்திய நாள். தலைவரோடு சேர்த்து ஒன்பது உறுப்பினர்களுக்கும் நாற்காலிகள் மரநிழலில் போடப்பட்டன. நல்ல அடர்த்தியான நிழல் அந்தக் கிளைக்குக் கீழேதான் இருந்தது. தலைவரின் நாற்காலி டீ அறைச் சுவரை ஒட்டி, நட்டநடுவில்.

"ஐயா, தயவுசெஞ்சு தள்ளி உக்காருங்க" என்றான் அணில்.

"நாற்காலி வரிசை பதவி மூப்புப்படி போட்டது. தள்ளினா மூப்பு மாறிடும்" என்றார் செயலாளர்.

மறுபடியும் சொன்னான். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை சொன்னபோது, கூட்டத்துக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று எச்சரித்தார்கள்.

அணில் உண்டிவில்லைக் கையில் வாங்கினான். மூன்று மாதமாகக் காவல் அறையில் கிடந்து ரப்பரில் தூசி ஏறியிருந்தது. துடைத்தான். விரிசல் விட்ட கிளைக்கு மேலே, அடிமரத்தில் உறுதியாக இருந்த ஒரு கவட்டையைக் குறி பார்த்தான். இழுத்தான். விட்டான். நூல் வெயிலில் ஒருகணம் மின்னியது. ஈயப் பை கவட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் புல்லில் வந்து விழுந்தது.

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். செயலாளர் உடனே எழுந்து வந்து உண்டிவில்லைப் பிடுங்கிக்கொண்டார். "இயக்கம் முடிந்தது. இனி விவாதம்" என்றார்.

அணிலுக்கு அதற்குமேல் உண்டிவில் வேண்டியிருக்கவில்லை. நூலில் கயிற்றைக் கட்டினான். அக்கா டீ அறையிலிருந்து வந்து நூலை இழுத்தாள். கயிறு ஏறிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை எறிந்தால்தான் உண்டிவில், இவன் பையை அல்லவா எறிந்தான் என்று கோட்டை உறுப்பினர் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பை பறந்தது, பறந்ததனால் அது விமானம் என்றார் கப்பல் உறுப்பினர்.

அணில் ரம்பத்தை இடுப்பில் செருகி, இன்னொரு கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இருக்கையில் மெதுவாக மேலே போனான். தோளில் இருந்த கயிற்றால் விரிசல் கிளையை இறுகக் கட்டி, மறுமுனையை மேல் கவட்டை வழியாகக் கீழே விட்டான். அக்கா அதை அவன் சொல்லிக்கொடுத்தபடி அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளை கயித்துல கட்டியாச்சு. இப்பவாவது எழுந்துருங்கய்யா! எல்லாரும் தள்ளிப் போனாத்தான் வெட்ட முடியும்" என்று மேலேயிருந்து கத்தினான். சாட்சி கேட்காமல் பேசக் கூடாது என்று பதில் வந்தது. காத்திருந்தான். விவாதம் முடிவதாக இல்லை. கிளையின் பாரத்தைக் குறைக்கலாமே என்று, ஓரத்துச் சின்னக் கொம்புகளை மட்டும் மெல்ல அறுத்து வேலிப் பக்கம் தள்ளினான். மரத்தூள் உதிர்ந்து கூட்டக் குறிப்பின்மேல் விழுந்தது. செயலாளர் அதை ஊதிவிட்டு ஊதிவிட்டு எழுதினார்.

அப்போது கிளை யாரையும் கேட்காமல் முறிந்தது.

இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். ஒன்பது பேரும் தலைதூக்கிப் பார்த்தார்கள். ஒரு லாரி நீளத்துக்குக் கிளை, தலைவரின் தலைக்கு எட்டடி உயரத்தில், ஒரே ஒரு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனை டீக்கார அக்காவின் கையில் இருந்தது.

இந்த இடத்தில் எந்த மனிதனும் எழுந்து ஓடுவான். ஆனால் வாரியத்தில் விவாதத்தின் நடுவில் ஓர் உறுப்பினர் எழுந்தால் அவர் தீர்மானத்தை எதிர்க்கிறார் என்று பொருள். எதிர்ப்பவர் நாற்பது பக்கத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். முன்பு ஒருமுறை கூட்டத்துக்குள் பாம்பு வந்தபோதுகூட அத்தனை பேரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்களே தவிர ஒருவர் எழவில்லை. இப்போதும் பின்பாகம் நாற்காலியை விட்டு அரை அங்குலம் எழுந்து, நாற்பது பக்கத்தை நினைத்து மறுபடி அமர்ந்தது. ஒன்பது பேருக்கும் அப்படித்தான்.

"அக்கா! விட்டுடாதே!" என்று மேலேயிருந்து அணில் அலறினான்.

அக்கா கயிற்றைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கை வலிக்குதுங்கய்யா" என்றாள்.

"பிடிம்மா! கெட்டியா பிடி!" என்றார் தலைவர்.

"பிடிச்சுக்கிட்டுதான்யா இருக்கேன். வழுக்குது. நீங்க முடிவு சொல்லிட்டு எழுந்துட்டீங்கன்னா இறக்கிடுவேன்."

தலைவர் கோட்டை உறுப்பினரைப் பார்த்தார். "பாறைய விட்டுக்குடுக்கறேன்" என்றார் அவர். "விமானம் வேண்டாம்" என்றார் கப்பல் உறுப்பினர். அவர்கள் பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான். உவமை உறுப்பினர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அப்ப பொருள் என்னன்னு எழுதறது?" என்று கேட்டார் செயலாளர்.

"உண்டிவில்னா உண்டிவில்தான்யா! எழுதித் தொலை!" என்றார் தலைவர்.

செயலாளர் எழுதினார்: உண்டிவில் என்பது உண்டிவில். ஒருமனதாக.

"ஐயா, ஐயா, எழுந்துராதீங்க" என்றாள் அக்கா. "கையோட இன்னொரு வரி. டீ ரூமை வராந்தாவுக்கு மாத்தியாச்சுன்னு."

"அது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே" என்றார் செயலாளர்.

கயிறு ஒரு சாண் நழுவியது. கிளை ஒரு சாண் இறங்கியது. அதிலிருந்து தொங்கிய கொம்பின் இலை ஒன்று தலைவரின் மூக்கைத் தொட்டது.

"இருக்கு! நிரல்ல இருக்கு! முதல்லயே இருக்கு!" என்றார் தலைவர்.

அதையும் எழுதினார்கள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் எழுந்தார். மற்றவர்கள் எழுந்த வேகத்தைப் பார்த்தால், கப்பல் உறுப்பினர் தேடிய இயந்திரம் அங்கேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும். நாற்காலிகள் மட்டும் மூப்புப்படி கிடந்தன.

அக்கா கயிற்றை மெல்ல மெல்ல விட்டாள். கூரையை விட்டு விலகித் தொங்கிய கிளை காலியான நாற்காலிகளுக்குமேல் பூப்போல வந்து படுத்தது. தகரக் கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. அணில் கீழே இறங்கி வந்தான். அவனுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

"ஏன்க்கா, மரத்துல மூணு சுத்து சுத்தியிருக்கு. பாரமெல்லாம் மரமே தாங்கிக்கும், ஒரு விரலால பிடிச்சாக்கூட நிக்கும்னு சொல்லித்தானே குடுத்தேன். கை வலிக்குதுன்னு எதுக்குச் சொன்னே?"

அக்கா கயிற்றைச் சுருட்டி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"எட்டு மாசம், அப்புறம் உன் மூணு மாசம். அத்தனை நாளும் அதுக்குக் கீழ உக்காந்து அவங்களுக்கு டீ போட்டேன்டா" என்றாள் அக்கா. "அவங்க ஒரு எட்டு நிமிஷம் உக்காந்து பாக்கட்டுமேன்னுதான்."